மகளுக்கு ஏவுகணை இன்ஜின் ஆசை, அப்பாவுக்கு ஏரோஸ்பேஸ் கடன்

பிளஸ் டூ முடித்த மகளோடு, மேற்படிப்பு ஆலோசனை கேட்டு அம்மாவும் அப்பாவும் என்னிடம் வந்திருந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேடு. ஏரோஸ்பேஸ் பொறியியல், நான்கு ஆண்டு, விடுதியோடு சேர்த்து 14 லட்சம். "பாப்பா எந்நேரமும் ட்ரோன், ஏவுகணைன்னுதான் பேசுது, அதுலயே சேர்த்துவிடு" என்றாராம் பெரியப்பா. "அதெல்லாம் சோறு போடாது, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்றாராம் மாமா. ஊரில் இருக்கும் முக்கால் ஏக்கரை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார் அப்பா.

பதறாதீர்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். கையேட்டைப் புரட்டிய பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை.

நிலத்தை அடகு வைக்கக் கூடாது. 14 லட்சத்தைப் பத்து சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 18,500 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அதற்கு மேல். உங்கள் மகளோ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிகர்நிலையில் அந்தச் சலுகை கிடையாது. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு நிலத்தை அடகு வைக்கச் சொல்கிற உறவினர், தவணை கட்டவும் வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, தெருவுக்கு நான்கு பேர் சொல்வார்கள். பெண்ணுக்கு அதில் நாட்டமில்லை என்பது ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிட்டது.

ஏரோஸ்பேஸ் மீது எனக்குப் பகை இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற இடத்தில் கவுன்சிலிங்கில் கிடைத்தால் வேறு பேச்சு. ஆனால் இவளுக்குப் பிடித்தது பறப்பது அல்ல. "ட்ரோனில் எது பிடிக்கும்?" என்றேன், "இன்ஜின்" என்றாள். போனில் ஒரு படம் காட்டினாள். சித்தப்பாவின் லேத் பட்டறையில் முறிந்துபோன ஒரு ஷாஃப்ட். "ஒடஞ்ச இடம் மட்டும் ஏன் சார் மணல் மணலா இருக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தருகிற படிப்பு மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். அவள் பட்டியலில் அது இல்லவே இல்லை. அப்பாவுக்கு அது இரும்புப் பட்டறை வேலை என்ற நினைப்பு.

ட்ரோனுக்கும், விமானம் போலப் பறந்து போய்த் தாக்கும் க்ரூஸ் ஏவுகணைக்கும் இன்ஜின் செய்வதில் நம் நாடு எங்கே திணறியது என்று பார்த்தாலே இந்தப் படிப்பின் மதிப்பு தெரியும். நம் க்ரூஸ் ஏவுகணையான நிர்பய் 2013-இல் முதன்முதலாகப் பறந்தது. தொடக்கக் காலச் சோதனைகளில் அதற்குள் இருந்தது ரஷ்ய இன்ஜின். பெங்களூரில் உள்ள ஜி.டி.ஆர்.இ., பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் இன்ஜின் ஆய்வகம். அது 'மாணிக்' என்ற சிறிய டர்போஃபேனை, அதாவது ஒரு வகை ஜெட் இன்ஜினை, உருவாக்கியது. சுமார் 400 கிலோ உந்துவிசை வகை. சொந்த இன்ஜினோடு செய்த க்ரூஸ் ஏவுகணைச் சோதனை ஒன்று 2024 ஏப்ரல் 18-ஆம் தேதி ஒடிசா கடற்கரையில் வெற்றி பெற்றது. கடையில் வாங்கிவிட முடியாதா என்று கேட்கலாம். இத்தகைய இன்ஜின்கள், ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாமல் தடுக்கச் சில நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பட்டியலில் இருப்பவை. 2016-இல் இந்தியாவும் அதில் உறுப்பினராகிவிட்டது, என்றாலும் விற்பதா வேண்டாமா என்பது விற்கிற நாட்டின் விருப்பம்.

போர் விமானத்துக்கான பெரிய இன்ஜின் காவேரியின் கதை இன்னும் நீளம். 1989-இல் அனுமதி கிடைத்தது. எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை, எடையும் கூடிப்போனது. அது பொருத்தப்பட வேண்டிய தேஜஸ் போர் விமானம் இன்றும் அமெரிக்க இன்ஜினில்தான் பறக்கிறது. பின்னெரிப்பான் (கூடுதல் உந்துவிசைக்காகப் பின்பகுதியில் மறுபடி எரிபொருள் எரிக்கும் பகுதி) இல்லாத காவேரியை இப்போது ஆளில்லாப் போர் விமானத்துக்காகத் தயார் செய்கிறார்கள்.

கஷ்டம் எங்கே என்றால், சூடான வாயு தள்ளிச் சுழலும் பிளேடுச் சக்கரமான டர்பைனில். எரிந்த வாயு ஆயிரம் டிகிரிக்கு மேல் வந்து மோதும். சிறிய இன்ஜினின் சக்கரம் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றும். அந்தச் சூட்டில், அந்த இழுப்பில், எந்த உலோகமும் மெல்ல மெல்ல நீளும். பெரிய இன்ஜினின் பிளேடுக்குள் துளை போட்டுக் காற்றை ஓட்டிக் குளிர்விக்கலாம். விரல்நுனி அளவு பிளேடில் அது மிகக் கடினம், உலோகமே தாங்கியாக வேண்டும். அதனால் நிக்கல் சூப்பர் அலாய், அதாவது கடும் சூட்டிலும் வலு குறையாத உலோகக் கலவை.

அதை வார்க்கும் முறை நமக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்களே, அடிப்படை அதுதான். இங்கே மண்ணுக்குப் பதில் பீங்கான் பூச்சு, திறந்த உலைக்குப் பதில் வெற்றிட உலை. அலாயில் இருக்கும் அலுமினியமும் டைட்டானியமும் காற்று பட்டால் ஆக்சைடாகிவிடும், அதற்காகத்தான் வெற்றிடம். சக்கரமும் பிளேடுகளும் ஒரே வார்ப்பாக வரும். அப்புறம் எக்ஸ்ரே, விரிசலைக் காட்டும் ஒளிரும் சாயச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்துளை போதும், முழுச் சக்கரமும் கழிவுக் கூடைக்குப் போகும். ஏன் வந்தது, உலோகம் ஆறிய வேகமா, அச்சின் சூடா என்று தேடுவதுதான் மெட்டலர்ஜிஸ்ட்டின் அன்றாட வேலை. சலிப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். முறிந்த ஷாஃப்ட்டைப் படம் எடுத்து வைத்திருக்கும் பெண்ணுக்குச் சலிக்காது.

இன்னொன்று. ஆயிரம் கிலோமீட்டர் போகும் ஏவுகணையின் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடினால் அதன் வேலை முடிந்தது. ஆனால் பல ஆண்டு பெட்டிக்குள் கிடந்துவிட்டு, கேட்ட நொடியில் எரிய வேண்டும். திரும்பி வந்து இறங்கும் ட்ரோனின் இன்ஜினோ மீண்டும் மீண்டும் ஓட வேண்டும். எதற்கு எந்த அலாய், எவ்வளவு செலவுக்குள் என்பதை முடிவு செய்ய உலோகம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆட்களுக்கு இடம் எங்கே? ஹைதராபாத்தில் டி.ஆர்.டி.ஓ.வின் உலோகவியல் ஆய்வகமான டி.எம்.ஆர்.எல். இருக்கிறது. ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக ஒற்றைப் படிகப் பிளேடுகளை (முழுப் பிளேடும் ஒரே படிகமாக உறைந்தவை) உருவாக்கி, அதில் 60-ஐ 2021-இல் விமானம் செய்யும் பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல்.லுக்குக் கொடுத்தது அந்த ஆய்வகம். சூப்பர் அலாய் உருக்கும் பொதுத்துறை நிறுவனமான மிதானியும் அதே ஊரில். தனியார் நிறுவனங்களில், டர்பைன் பிளேடு செய்யும் ஹைதராபாத் ஆசாத், லக்னோவின் பி.டி.சி. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலம், கோவை, ஓசூர் மூன்றும் வருகின்றன.

படிக்க சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டும் கவுன்சிலிங்கில் வருபவை. சென்ற ஆண்டு கட்-ஆஃப் எங்கே நின்றது என்பதை உங்கள் பிரிவு வாரியாகக் கவுன்சிலிங் இணையதளத்தில் பாருங்கள். நான்காம் ஆண்டில், பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் மெட்டலர்ஜி தாள் எழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. டி.ஆர்.டி.ஓ.வில் தொடக்க நிலை விஞ்ஞானிப் பணியான விஞ்ஞானி 'பி' தேர்வுக்கும் கேட் மதிப்பெண்ணும் நேர்காணலும்தான் வழி. ஜி.டி.ஆர்.இ. பட்டதாரிகளை அப்ரென்டிஸாகவும் எடுக்கிறது.

சரி, கசப்பையும் சொல்லிவிடுகிறேன். இடங்கள் குறைவு. வளாகத் தேர்வில் ஐ.டி. நிறுவனம்தான் முதலில் கதவைத் தட்டும். வார்ப்பாலையில் தொடக்கச் சம்பளம் பெருமைப்படும்படி இருக்காது. பி.இ.யோடு நின்றால் நான் சொன்ன ஆய்வகம் எட்டாமலே போகலாம். வேலை உறுதி என்று எந்த ஆலோசகராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார்: "ஆளைக் கொல்லுற சாமானுக்கா சார் எம் பொண்ணு படிக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள், நானோ பெரியப்பாவோ இல்லை. இருபத்திரண்டு வயதில் அவள் மனம் மாறினால், இதே படிப்பு அனல்மின் நிலைய டர்பைனுக்கும் போகும், இடுப்பு மாற்று சிகிச்சையின் டைட்டானியம் மூட்டுக்கும் போகும்.

ஒரே ஒரு நிபந்தனை, வேதியியல் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இவ்வளவையும் மறந்துவிட்டு மெக்கானிக்கல் பாருங்கள். பிடிக்கும் என்றால் சாய்ஸ் நிரப்பும்போது பி.எஸ்.ஜி., சேலம் இரண்டின் மெட்டலர்ஜியையும் மேலே போடுங்கள். வரிசையை அவளே நிரப்பட்டும், பக்கத்தில் மாமா வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணமாகக் கட்டிய 25,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு இன்றே எழுத்தில் கொடுங்கள். கிடைக்காவிட்டாலும் மீதியைக் கட்டாதீர்கள்.