அப்பா இறந்ததற்கு அவன் அழவே இல்லை

? என் கணவர் மாரடைப்பில் போய் எட்டு மாதமாகிறது. மகன் ஆறாம் வகுப்பு. காரியம் முடிகிற வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போதும் ஸ்கூலுக்குப் போகிறான், ஹோம்வொர்க் செய்கிறான். அப்பா பேச்சை மட்டும் எடுப்பதில்லை. குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் இலவசமாகக் கவுன்சிலிங் கொடுக்கும் டிரஸ்ட் ஒன்று திருச்சியில் இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்கிறார் கிளாஸ் டீச்சர். மாமியாரோ, "பையனுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப் போறியா?" என்கிறார். அங்கே என்னதான் செய்வார்கள்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணப்பாறை

போய் வாருங்கள், தங்கச்சி. ஆனால் அவனை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைக்காதீர்கள். அந்த அறை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

28 வருஷம் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு இப்படியொரு தொண்டு அமைப்பில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். அங்கே வந்த ஒரு பையனைப் பற்றி, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். அவனுக்கும் அப்பா இல்லை. உங்கள் பிள்ளையைப் போலவே பார்ப்பவர்களெல்லாம் சமத்து என்பார்கள். டிபன் பாக்ஸில் மட்டும் தினமும் பாதிச் சாதம் மிச்சம் வரும். பசியில்லை போல என்று அவன் அம்மா அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான்காவது தடவை வந்தபோது, மணல் தட்டில் பொம்மைகளை அடுக்கியபடி, தலை நிமிராமல் சொன்னான்: "அம்மா மத்தியானம் சாப்பிடறதே இல்ல மிஸ். நான் மிச்சம் வெச்சா, வீணாப் போகுதேன்னு சாயங்காலம் அதைச் சாப்பிட்டுடும்."

பதினோரு வயதில் அம்மாவுக்குக் காவல் இருந்திருக்கிறான். தான் அழுதால் அம்மா தாங்கமாட்டாள் என்று அடக்கியே வைத்திருந்தான். பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று அவளோ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்த அன்றுதான் அந்த வீட்டில் அப்பாவின் பேர் மறுபடி சொல்லப்பட்டது.

அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் முதலில் உங்களோடு பேசுவார்கள்: பையனின் தூக்கம், சாப்பாடு, ஸ்கூல், அவர் இறந்த அன்று அவன் எங்கே இருந்தான் என்பதெல்லாம். பிறகு அவனோடு கிரயான், களிமண், பொம்மை என்று வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம்போல. எடுத்த எடுப்பில் "அப்பா ஞாபகம் வருதா?" என்று கேட்கமாட்டார்கள். அவன் சொன்னதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கவும் மாட்டார்கள். அவனுக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போவதற்கு முன் ஒரு போன் போட்டு, கவுன்சிலரின் படிப்பு என்ன என்று கேட்டுவிடுங்கள். இரண்டே சிட்டிங்கில் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஒருநாள் அவரையும் கூட்டிப் போங்கள்.

என் அப்பா இறந்தபோது எனக்கு 9 வயது. "பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார், வந்துடுவார்" என்றார்கள். ஆறு மணி பஸ் சத்தம் கேட்டால் திண்ணைக்கு ஓடுவேன். எத்தனை மாதம் ஓடினேன் என்று கணக்கில்லை. உங்கள் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மட்டில் அவன் பாக்கியசாலி.

ஒன்று மட்டும். சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தாலோ, "நானும் அப்பாகிட்டயே போறேன்" என்கிற மாதிரிப் பேசினாலோ, கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியானாலும் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி எண் அது. காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

? தபால் துறையில் ஓய்வு பெற்றவன் நான். மனநலப் படிப்பு எதுவும் இல்லை. இத்தகைய அமைப்புகளில் எனக்கு இடம் உண்டா?

– ஒரு வாசகர், கும்பகோணம்

உண்டு ஐயா. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், வாழப் பிடிக்காமல் தவித்தவர்களைச் சந்திக்கத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்குப் பாதிரியாரையே பார்க்கத் தேவையிருக்கவில்லை. 1954-ல் அந்தப் பொறுப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது.

பயிற்சி கட்டாயம் உண்டு. குழந்தைகளோடு பழகும் வேலை என்றால் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், விசாரிக்கத்தான் வேண்டும். புத்தி சொல்லாமல் கேட்பதற்குத்தான் அதிகம் பழக வேண்டியிருக்கும். ஆசிரியையாக இருந்த எனக்கு அதற்கே ஒரு வருஷம் பிடித்தது. தந்தியைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு வாசலில் இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசாமல் நின்றிருப்பீர்களே, அதே வேலைதான் இது. விண்ணப்பம் போடுங்கள்.