பழைய வீட்டைப் பழுதுபார்க்கக் கடன்: கேட்டதும் சொன்னதும்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓட்டு வீடு, மச்சு வீடு, அக்கிரகாரத்து வீடு, இவற்றைச் சரிசெய்யப் பணம் புரட்டுவது பற்றி மட்டும் கேளுங்கள். இன்றைக்கு எந்த வங்கியில் வட்டி குறைவு என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வாசல் போர்டிலேயே இருக்கும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: அண்ணாச்சி, பட்டா தாத்தா பேரில். வாரிசு நான்கு பேர், ஒருத்தர் அமெரிக்காவில். மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை) உத்திரத்தைக் கரையான் அரித்து மட்டப்பா இறங்கிவிட்டது. 15 லட்சம் கிடைக்குமா?

தொகையை அப்புறம் பார்ப்போம். தாத்தா பேரில் இருக்கும் வீட்டை வைத்து உங்கள் ஒருவர் கையெழுத்துக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். ஒன்று, நாலு பேரும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லை, மற்ற மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அந்த நாலு பேரில் அக்கா தங்கச்சிகளைச் சேர்த்துத்தானே எண்ணினீர்கள்? "பொண்ணுகளுக்கு அப்பவே நகை போட்டாச்சு" என்ற பேச்சு திண்ணையில் செல்லும், வங்கி வக்கீலிடம் செல்லாது. அமெரிக்காவில் இருப்பவர் வரமுடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பட்டும், அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டு ஐந்தாம் மாதம் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். இடத்துக்கு நல்ல விலை போடுவார், கட்டடத்துக்கு வயதைக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு தொகை வைப்பார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, இடமே உங்கள் கடனைத் தாங்கும். அவர் அறிக்கையில் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று ஒரு கட்டம் இருக்கும், சிக்கல் அங்கேதான். கடன் 15 வருடம், கட்டடத்துக்கு ஆயுள் 10 வருடம் என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அதனால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து உத்திரம் மாற்றிய பிறகு எவ்வளவு காலம் நிற்கும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட்டில் சுண்ணாம்பில் சேர்க்கக் கொத்தனார் சொன்ன கடுக்காய், வெல்லம் எல்லாவற்றையும் அப்படியே இறக்கினால் மேனேஜர் முழிப்பார். இத்தனை சதுர மீட்டர் சுண்ணாம்புப் பூச்சு, இத்தனை தேக்குச் சட்டம் என்று அளவில் எழுதுங்கள். பணம் தவணை தவணையாகத்தான் வரும், முதல் கட்ட வேலைக்குக் கையில் காசு வேண்டும்.

அப்புறம் ஒன்று: வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு செங்கல்லைக்கூடப் பிரிக்காதீர்கள். புரட்டாசியில் கூரையைத் திறந்துவிட்டு ஐப்பசி மழையில் வங்கிக்கும் வீட்டுக்கும் ஓடுபவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து: மராமத்துக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரிக்கழிவு உண்டுதானே சார்?

கிடையாது. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க வாங்கிய கடன் என்றால் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரைதான், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால். 2 லட்சம் என்பது வாங்கவும் கட்டவும் எடுத்த கடனுக்கு. அசலுக்கு உள்ள கழிவும் அப்படியே, மராமத்துக்குக் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் கணக்கு வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து: பழமையான வீட்டுக்கு அரசு மானியம் ஏதும் உண்டா?

தனியார் குடியிருக்கும் பழைய வீட்டைச் சீரமைக்க என்று நேரடி மானியம் எதையும் என் பணிக்காலத்தில் நம் பக்கம் பார்த்ததில்லை. புதுச்சேரியில் வைசியாள் வீதியில் வீட்டுக்காரர் ஒரு பங்கு போட, மீதிக்கு உதவி கொடுத்து முகப்புகளைச் சரிசெய்தார்கள், அது அந்த ஊருக்கு அமைந்தது.

வீரவநல்லூரிலிருந்து: மானியம் பற்றிச் சொல்லுங்களேன்.

மேலே பாருங்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து: எங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வந்துவிட்டால் அடமானமே வைக்க முடியாது என்கிறார்களே?

வைக்கலாம், வீடு உங்களுடையதுதான். பட்டியலில் இருந்தால் வேலைக்கு முன் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் வங்கி கோப்பை எடுக்காது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதற்கென்று பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் போட்டார்கள். பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்றால் ஆகாது. அதைவிட நம் ஊர்களில் அதிகம் இடைஞ்சல் செய்வது வேறொன்று: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்த 100 மீட்டருக்குள்ளே இருந்தாலும் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். மாடி எழுப்பத்தான் முடியாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: கடனே வேண்டாம் அண்ணாச்சி. முன்கதவையும் திண்ணைத் தூண் நான்கையும் கேட்டு ஆள் வந்திருக்கிறது. நல்ல பர்மாத் தேக்கு. விற்றால் கூரைச் செலவு வந்துவிடும். சிமெண்ட் தூண் நிறுத்திக்கொள்ளலாம்.

வேண்டாம். அந்தத் தூண்தான் தாழ்வாரத்துக் கூரையைத் தாங்குகிறது. கூரையைக் காப்பாற்றத் தூணை விற்பதா?

மர வியாபாரம் செய்பவர்: நீங்களே சொன்னீர்கள், மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு ஒன்றும் போடுவதில்லை என்று. வங்கி மதிக்காத தூணுக்கு நாங்கள் காசு தருகிறோம். இதில் என்ன தப்பு?

சென்னையிலிருந்து, அம்பாசமுத்திரத்துக்காரரின் சித்தப்பா மகள்: அந்தக் கதவில் எங்களுக்கும் பங்கு உண்டு. இங்கே வந்து படித்துத்தான் விற்கப்போவதே எனக்குத் தெரிகிறது!

அம்பாசமுத்திரத்திலிருந்து: பத்து வருடமாக ஒழுகுகிற வீட்டுக்கு ஒரு ஓடு வாங்கித் தந்தாயா நீ?

அடடா, குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன், நியாயமான கேள்வி. வங்கி அந்தத் தூணுக்குத் தனி விலை போடாதது உண்மை. போடாததால்தான் வீட்டுக்காரருக்கு அதன் விலை தெரியவில்லை, தெரியாததால்தான் ஆள் வீடு தேடி வருகிறது. அப்புறம் சட்டம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில், 100 வருடத்துக்குக் குறையாத பழமை உள்ள, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள்தான். அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. வந்த ஆளிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பாகம் பிரிக்காத வீட்டில் ஒருவர் மட்டும் கதவை விற்றால் அந்தத் தங்கச்சி வழக்குப் போடலாம், வழக்கு நடக்கும் சொத்துக்கு ஒரு வங்கியும் கடன் தராது. ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் மோசம், ஈட்டின் மதிப்பு குலையும்படி எதையும் பெயர்க்கக் கூடாது.

மர வியாபாரம் செய்பவர்: நாங்கள் வாங்காவிட்டால் கரையான் தின்னும்.

தின்னும்தான். அதற்குத்தான் கடன்.

கடையத்திலிருந்து: ஹோம்ஸ்டே ஆக்க நினைக்கிறோம், மூன்று அறை.

ஹோம்ஸ்டேக்கு முத்ரா கடன் (சிறுதொழிலுக்கான கடன்) என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், வங்கியில் அதைச் சொல்லிக் கேளுங்கள். பாரம்பரிய ஓட்டல் என்று சுற்றுலா அமைச்சகத்தின் தரம் வாங்க 1950-க்கு முன் கட்டியதாகவும் குறைந்தது 5 அறையாகவும் இருக்க வேண்டும், அது உங்களுக்குப் பொருந்தாது. வருமானம் வந்து கடனை அடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் குற்றால சீசன் போக மீதி மாதக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏர்வாடியிலிருந்து: 2023 டிசம்பர் மழையில் பின்சுவர் ஊறிவிட்டது. இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

இனி வரும் வெள்ளத்துக்கு எடுக்கலாம். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி 2021-இலிருந்து இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். ஊறின சுவருக்கு இப்போது பணம் தரமாட்டார்கள்.

முக்கூடலிலிருந்து: வணக்கம், மானியம் கிடைக்குமா?

வணக்கம். கிடைக்காது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து, மறுபடியும்: தம்பி கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான் அண்ணாச்சி. பாகப்பிரிவினை வழக்கா?

வழக்கு முடிவதற்குள் மட்டப்பா முழுசாக விழுந்துவிடும். அரித்த உத்திரம் எத்தனை என்று எண்ணி, அதை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அந்த அளவுக்கு நகைக்கடன் எடுங்கள், அதற்குத் தம்பி கையெழுத்து வேண்டாம், வட்டியும் தனிநபர் கடனைவிடக் குறைவாகவே இருக்கும். செலவழித்த பில்லை எல்லாம் உங்கள் பேரிலேயே போட்டு பத்திரமாக வையுங்கள், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது கணக்குக் கேட்க உதவும். மழைக்கு முன் முடியாது என்றால் தை வரை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், பிரிக்காதீர்கள்.