ஆஃப்ரிகான்ஸ் இலக்கணம் கடினமா? எங்கே தொடங்குவது?

ஜெர்மன் படித்து நொந்துபோன தனக்குத் தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸ் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வரும். ஆண்பால், பெண்பால் பெயர்ச்சொற்கள், வேற்றுமை அட்டவணை எதுவும் இதில் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு வந்த டச்சு மொழிதான், அங்கிருந்த பூர்வகுடிகளான கோய் மக்கள், ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் என்று பலர் வாயில் புழங்கி, விகுதிகளை உதிர்த்து ஆஃப்ரிகான்ஸ் ஆனது. 1925இல் தென்னாப்பிரிக்காவில் ஆட்சிமொழியும் ஆனது.

முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். 'எக் வெர்க்' என்றால் நான் வேலை செய்கிறேன். 'ஹேய் வெர்க்', அவன் செய்கிறான். 'ஒன்ஸ் வெர்க்', நாங்கள் செய்கிறோம். யார் செய்தாலும் வெர்க்தான். இறந்தகாலம் 'எக் ஹெட் கெவெர்க்', எதிர்காலம் 'எக் சல் வெர்க்'. அந்த 'கெ'யை மட்டும் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும். 'ஃபெர்', 'பெ' போன்ற முன்னொட்டுள்ள வினைகளுக்கு அந்தக் 'கெ'யும் தேவையில்லை.

சரி, வம்பு எங்கே? எதிர்மறையில்தான். 'இல்லை'க்கு 'நீ' என்ற சொல். பெரும்பாலும் இரண்டு முறை வரும். 'எக் ப்ராட் நீ ஆஃப்ரிகான்ஸ் நீ' என்றால் நான் ஆஃப்ரிகான்ஸ் பேசுவதில்லை. முதல் நீ மறுக்கிறது, இரண்டாவது வாக்கியத்தை மூடுகிறது. மறுத்த பிறகு சொல்ல எதுவும் மிச்சமில்லை என்றால் ஒன்றே போதும்: 'எக் வியட் நீ', எனக்குத் தெரியாது. பேசும்போது கடைசி நீயைத்தான் புதிதாகக் கற்பவர்கள் விழுங்கிவிடுவார்கள். முதல் மாதம் முழுக்க இதையே பழகினாலும் நேரம் வீணில்லை என்பேன்.

அப்புறம் சொல்வரிசை. இங்கே உங்கள் ஜெர்மன் கைகொடுக்கும். 'நேற்று' என்ற 'கிஸ்டர்' முன்னால் வந்தால் 'கிஸ்டர் ஹெட் எக் கெவெர்க்': ஹெட் இரண்டாம் இடத்தை விடாது, முக்கிய வினை கடைசியில் நிற்கும். நம் 'என்று' போன்ற 'டட்' வந்தால், அதன் பின்வரும் வினை முழுவதுமே கடைசிக்குப் போய்விடும். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும் என்பதற்கு 'எக் வியட் டட் ஹேய் சீக் இஸ்'. வினையைக் கடைசியில் வைத்தே பேசும் நமக்கு இது உறுத்தாது. இதையே மறுத்தால் '...டட் ஹேய் நீ சீக் இஸ் நீ'. பார்த்தீர்களா, வினைக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது அந்த நீ.

எந்தப் பெயரடையோடு 'எ' என்ற விகுதி சேரும், எதோடு சேராது என்ற விதிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.