சுவருக்கு அந்தப் பக்கம் வேறு வருஷம்

கேள்வி: பக்கத்து வீட்டு ஆந்திராக்காரர்கள் யுகாதியன்று ஒரு டம்ளர் பச்சடி கொடுத்தார்கள். ஒரே கசப்பு, வாயில் வைக்க முடியவில்லை. பச்சடியை இப்படித்தான் செய்வார்களா? வேலூர்ப் பக்கம் யுகாதியை எப்படிக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி ஒருவர், காட்பாடி

பதில்: ஆந்திராக்காரர்களா? எந்த ரயிலில் வந்து இறங்கினார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவை. நகர்ந்தது எல்லைக்கோடுதான். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர். அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி (சிரிக்காதீர்கள், தேதி நிஜம்) சித்தூர் தனி மாவட்டமானது. 1960ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 1989ல் வட ஆர்க்காட்டை இரண்டாக வெட்டினார்கள், 2019ல் மிச்சமிருந்த வேலூரை மூன்றாக. இந்தப் பக்கத்தில் இன்னும் 'வட ஆர்க்காடு' என்று எழுதுவதற்காக எனக்குக் கண்டனக் கடிதம் போடும் ராணிப்பேட்டை அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இன்னும் நாலு துண்டு போட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.

பச்சடிக்கு வருவோம். நாலு பேருக்கு: எலுமிச்சங்காய் அளவு புதுப்புளி, இரண்டு டம்ளர் தண்ணீர், நூறு கிராம் வெல்லம், சின்ன மாங்காயில் பாதி, ஒரு பச்சை மிளகாய் அல்லது கால் ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி வேப்பம்பூ. அடுப்பே வேண்டாம். பழைய புளி போட்டால் பச்சடி கறுத்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும். அலுமினியப் பாத்திரம் புளிக்கு ஆகாது.

உங்கள் டம்ளர் கசந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பூவைக் காம்போடும் பச்சைப் புல்லியோடும் போட்டிருப்பார்கள். மரத்தடியில் வேட்டியை விரித்துக் கிளையை உலுக்கி, விழுந்த பூவை உள்ளங்கையில் லேசாகக் கசக்கி ஊதினால் வெள்ளை இதழ் பிரிந்து வரும். அது மட்டும் போதும். இரண்டு, விடியற்காலையிலேயே பூவைப் போட்டு ஊறவிட்டிருப்பார்கள். கசப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். படைப்பதற்குச் சற்று முன்னால் தூவ வேண்டும். சித்திரை ஒன்றுக்கு நாம் மாங்காயையும் வெல்லத்தையும் வேகவைத்து, நெய்யில் வறுத்த பூவை மேலே போடுகிறோமே, அது வேறு சங்கதி. அந்த நாக்கோடு இதைக் குடித்தால் கசக்கத்தான் செய்யும்.

பாவம், அவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. யுகாதி சந்திரக் கணக்கு; சைத்திரத்து வளர்பிறைப் பிரதமை. சந்திர வருஷத்துக்கு 354 நாள்தான் என்பதால் பண்டிகை முன்னே முன்னே ஓடும், கணக்கைச் சரிக்கட்ட இடையில் சேர்க்கும் 'அதிக மாதம்' வந்து பின்னுக்கு இழுக்கும். 2026ல் மார்ச் 19லேயே வந்துவிட்டது. வேம்பில் பாதி மொட்டு. மொட்டில் இதழை எங்கே பிரிப்பது? 2027ல் ஏப்ரல் 7. பூவுக்குப் பஞ்சம் இராது.

இதில் இன்னொரு கூத்து. அவர்களுக்கும் நமக்கும் அதே அறுபது வருஷப் பெயர்கள்தான். மார்ச் 19 அன்று அவர்களுக்குப் பராபவ பிறந்துவிட்டது. உங்களுக்கு ஏப்ரல் 14 வரை விசுவாவசு. இருபத்தாறு நாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷம், இந்தப் பக்கம் ஒரு வருஷம். 'புது வருஷத்திலிருந்து வாடகை கூடும்' என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால், அவர் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைமாற்று வாங்கியவர் 'வருஷம் பிறந்ததும் தருகிறேன்' என்றால் அவர் கட்டாயம் தமிழ்ப் பஞ்சாங்கம்தான் பார்ப்பார். கொடுத்தவர் தெலுங்குப் பஞ்சாங்கம்.

மற்றபடி எண்ணெய்க் குளியல், வாசலில் மாவிலைத் தோரணம், புதுத்துணி, வேறெதையும் சாப்பிடுமுன் பச்சடி, கோயிலில் பஞ்சாங்கம் படிப்பதைக் கேட்பது. அந்த வருஷ மழையும் விலைவாசியும் அதில் வரும். பலித்ததா என்று அடுத்த வருஷம் யாரும் கேட்பதில்லை, அதனால்தான் நடக்கிறது.

போளி கொடுத்தார்களா என்று எழுதவில்லையே. கடலைப்பருப்பை விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் வேகவைத்து நீரை இறுத்துவிடுவார்கள். குழைந்தால் பூரணம் இளகிப் போளி தட்டும்போதே கிழியும். இறுத்த நீரில் புளியும் மிளகும் சேர்த்து, கொஞ்சம் பூரணத்தையும் கரைத்து ரசம் வைப்பார்கள். அடுத்த யுகாதிக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.