வாசகர் கேள்வி: தரங்கம்பாடியின் மதில்

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தோம். மதில் சூழ்ந்த பழைய நகரம் என்று கேள்விப்பட்டிருந்ததால், நம் வேலூர்க் கோட்டையைப் போல அகழியும் கருங்கல் மதிலும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். கடலோரத்தில் ஒரு கோட்டையும் ஊர் முகப்பில் ஒரு வெள்ளை வாசலும்தான் கண்ணில் பட்டன. அதை மதில் சூழ்ந்த நகரம் என்பது சரிதானா?
— வாசகர், காட்பாடி

பதில்: சரிதான். ஆனால் கோட்டையையும் ஊர் மதிலையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் டென்மார்க் அரசரின் சார்பில் ஓவே கியெத்தே உடன்படிக்கை செய்துகொண்ட பின் எழுந்தது டான்ஸ்போர்க் கோட்டை. அது சரக்குக்கும் படைக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. ஊரைச் சுற்றி மதில் வந்தது ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து.

அந்த மதில் எழுந்த சூழ்நிலையைத் தெரிந்துகொண்டால் அந்த வாசலையே வேறு கண்ணால் பார்ப்பீர்கள். 1643-க்குப் பின் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கு வந்து சேரவில்லை. டேனியர் ஒவ்வொருவராக இறந்துபோக, எஞ்சி நின்ற எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் கோட்டையின் பொறுப்பை ஏற்று, தஞ்சை நாயக்கரின் படை நெருக்கியபோதெல்லாம் உள்ளூர் ஆட்களின் துணையுடன் அதைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். டென்மார்க் அரசரின் பெயரால் பேசப்படும் இந்த மதில், அவருடைய கப்பல்கள் எட்டிப் பார்க்காத காலத்தில், இந்த மண்ணின் மனிதர்களைக் கொண்டே நின்றது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வேலூரில் மதிலுக்குள் இருந்தவை ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அரண்மனைகளும் படையும். கடைத்தெருவும் குடியிருப்பும் அகழிக்கு வெளியே வளர்ந்தன. தரங்கம்பாடியிலோ மதில் வளைத்துக்கொண்டது, மக்கள் குடியிருந்த தெருக்களை. ஆகவே மதில் மறைந்தாலும் நகரின் வடிவம் மறையவில்லை. மறுமுறை செல்லும்போது, 1792-இல் திருத்திக் கட்டப்பட்ட அந்த வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ராஜா வீதி வழியே கடலை நோக்கி நடந்து பாருங்கள். 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயமும், சீகன்பால்கு அடக்கமாகியிருக்கும் 1718-ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் தேவாலயமும் அந்த ஒரே தெருவில் இருக்கின்றன. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தவர் அவர். தெரு முடியும் இடத்தில் காற்றில் உப்பு வாடை வரும். வலப்பக்கம் கோட்டை தெரியும். 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கேள்வி: அங்கே கடல் அரித்த கோயில் ஒன்று இருக்கிறதே, அதுவும் டேனியர் காலத்ததா?
— வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: இல்லை. மாசிலாமணிநாதர் கோயில் டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் காணப்படுகிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.