சாவி கைமாறினால் கார் கைமாறியதாகாது

சொந்த ஸ்போர்ட்ஸ் காரை நேரடியாக விற்பது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட மிகுதி. பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு பக்கமிருந்தும் வந்தவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன். வண்டியின் நிறத்தை வருணித்து ஒரு பக்கம் எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என்னுடையது 2014-இல் டி.என். 41 பதிவில் வாங்கிய இரண்டு கதவு ஜெர்மன் கார். பாலக்காட்டுக்காரர் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். "என்.ஓ.சி. மட்டும் எடுத்துக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வேறு நான் செய்ய வேண்டியது உண்டா? (பொள்ளாச்சி)

பதில்: அவர் 'மீதி' என்று சொல்வதில்தான் உங்கள் தலைவலி முழுவதும் இருக்கிறது. படிவம் 28-இல் பொள்ளாச்சி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று வாங்குவது முதல் வேலை. வரி பாக்கி இல்லை, வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்பதையெல்லாம் பார்த்த பிறகே அதைக் கொடுப்பார்கள். விண்ணப்பித்து 30 நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். கடன் போட்டு வாங்கிய காராக இருந்தால், தவணை முடிந்தது என்பது மட்டும் போதாது. வங்கியின் கடிதத்தையும் படிவம் 35-ஐயும் கொடுத்து பதிவுச் சான்றான ஆர்.சி.யிலிருந்து, கடன் இருப்பதைக் காட்டும் ஹெச்.பி. குறிப்பை நீக்கியிருக்க வேண்டும்.

அடுத்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம். விற்பவர், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வேறு மாநிலம் என்றால் 45 நாளிலும், தம் கடமையை முடிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். கேரளத்தில் மறுபதிவு செய்யும்போது காரின் வயதையும் தொடக்க விலையையும் வைத்து வரி கேட்பார்கள், அது வாங்குபவரின் செலவு. நீங்கள் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க, கேரளத்தில் மறுபதிவான அத்தாட்சி வேண்டும். அந்தத் தொகை யாருக்கு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு அதற்கு ஒரு பஞ்சாயத்து வரும். கார் கே.எல். 9 என்றோ கே.எல். 70 என்றோ புது எண் பெற்று, அந்த ஆர்.சி.யின் நகல் உங்கள் கைக்கு வரும் வரை கோப்பை மூட வேண்டாம்.

கேள்வி: பழைய கார் விற்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமாமே? (உடுமலை)

பதில்: வேண்டாம். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சொன்னது, பதிவு பெற்ற வியாபாரிகள் தங்கள் லாபத்தின் மீது கட்டும் வரியைப் பற்றி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரைப் பதிவில்லாத தனிநபர் இன்னொருவருக்கு விற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: என் காரைப் பார்க்க வந்தவர், பானெட்டைத் திறந்து சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க வேண்டும் என்கிறார். பரம்பரையாக மரியாதையோடு வாழ்கிற குடும்பம் எங்களுடையது. இது என்னை அவமதிப்பதாகாதா? (ஆனைமலை)

பதில்: ஆகாது. அவர் வீட்டு முகவரியை எனக்கு அனுப்புங்கள், நான் போய் வணங்கிவிட்டு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இரண்டு இருக்கையும் துணிக் கூரையும் கண்ணாடி இழை உடம்பும் கொண்ட ஒரு சிவப்புக் காரைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியாரிடம் வாங்கினேன். கோடை நடுவில் பார்த்ததால் கூரை ஒழுகுமா என்று கேட்கத் தோன்றவில்லை; ஜூன் மாதம் வாளையார் தாண்டும்போது சாரல் என் வலது முழங்கால் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தபோதுதான் தோன்றியது. அதுகூடப் பெரிதில்லை. பெயர் மாற்றத்துக்குப் போனால், ஆர்.சி.யில் இருந்த எஞ்சின் எண்ணும் எஞ்சினில் பொறித்திருந்த எண்ணும் கடைசி இரண்டு இலக்கத்தில் ஒத்துப்போகவில்லை. விற்றவரைக் கேட்டால், எழுதியவர் கைப்பிழையாக இருக்கும் என்றார். உண்மையில், பழைய எஞ்சின் சீஸ் ஆனதும் வேறொரு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்து, அதை ஆர்.சி.யில் பதியாமலே விட்டிருக்கிறார்கள். கார் எங்கள் தோட்டத்து ஓலைக் கொட்டகையில் நான்கு மழைக்காலம் நின்று, கடைசியில் எடைக்குப் போனது. அந்தத் துணிக் கூரை மட்டும் வீணாகவில்லை. களத்தில் கொப்பரை காயும்போது மழை வந்தால் என் மனைவி அதைத்தான் எடுத்து மூடுவார்.

ஆகவே வாங்க வருபவர் தேய்த்துப் பார்க்கட்டும். பென்சில் ஓட ஓட எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். மட்டமாகத் தேய்த்துவிட்டு மறுபடி பொறித்த இடமாக இருந்தால் வரிசை வளையும், ஆழம் மாறும். பதினேழு எழுத்து கொண்ட சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. வந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மரியாதையுள்ள குடும்பத்துக் காருக்கு இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை.

கேள்வி: ஷோரூமில் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார். 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பதின்மூன்று லட்சம் கேட்கிறார்கள். மனசாட்சி இல்லாத உலகமாகிவிட்டதே? (கோவை)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 3115 என்ற நான்கு இலக்கம் தெரிகிறது. 2015-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் தேயாமல் இருக்கலாம், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அந்த அளவில் நான்கு டயர், ஓடாமல் நின்றதால் செத்த பேட்டரி, ஆண்டுக்கணக்கில் மாற்றாத பிரேக் எண்ணெய் என்று வாங்குபவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வருகிறார். அவர் மனசாட்சியைக் குறை சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: 2022-இல் என் இரண்டு இருக்கைக் காரை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போடுங்கள், வாங்குபவர் பெயரைப் பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். இதுவரை 11 கேமரா அபராதம் வந்திருக்கிறது. சென்ற வாரம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். இரவில் தூக்கம் இல்லை. (கொழிஞ்சாம்பாறை)

பதில்: ஐயா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பாய நோட்டீஸைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். குறித்த நாளில் வழக்கறிஞரோடு போய்விடுங்கள். வயதையும் வருமானத்தையும் பொறுத்து, பாலக்காடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். விபத்து நடந்த நாளில் காருக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்பதை இன்றே கண்டுபிடியுங்கள். கார் கைமாறினாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்தே மாறியதாகச் சட்டம் கொள்வதால், பாலிசி இருந்திருந்தால் சுமை பெரும்பாலும் நிறுவனத்தின் மேல் விழும். விற்ற பணம் வங்கியில் வந்த பதிவு, புரோக்கரோடு நடந்த குறுஞ்செய்தி, கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் எது இருந்தாலும் திரட்டி, விற்ற தேதியைக் குறிப்பிட்டு ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலிலும், காவல் நிலையத்தில் புகாராகவும் கொடுங்கள். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இனி, மற்ற வாசகர்கள் கவனிக்க வேண்டியது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் என்ற இந்த வழக்கத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இருபது ஆண்டுகளாக எழுதுகிறேன், யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. புரோக்கர் ஏன் பெயரை நிரப்பாமல் வாங்குகிறார்? அவர் இன்னும் வாங்குபவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். தம் பெயருக்கு ஒரு முறை, அடுத்தவர் பெயருக்கு ஒரு முறை என்று கட்டணம் கட்ட அவருக்கு மனமில்லை. அவர் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய்க்காக நீங்கள் உங்கள் பெயரை ஊர் சுற்ற அனுப்புகிறீர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், 2007-இல் விற்ற கார் அடுத்தடுத்துக் கைமாறி 2009-இல் விபத்தில் சிக்கியது, காப்பீடும் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று சொல்லி, 2007-இல் விற்றவர் தலையிலேயே இழப்பீட்டை வைத்தது நீதிமன்றம். காரின் முகத்தைக்கூட மறந்திருப்பார் அந்த மனிதர்.

அபராதத்தின் கதையும் அதேதான். 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் அபராதம் எழுதத் தொடங்கின. கேமராவுக்கு ஓட்டுநரின் குணம் தெரியாது, எண் பலகைதான் தெரியும். எண்ணுக்கு எந்த வீட்டு முகவரியோ அங்கே நோட்டீஸ் போகும். வேகமாகப் போவதற்கென்றே ஒருவன் ஆசைப்பட்டு வாங்கும் காரை உங்கள் பெயரில் ஓடவிட்டுவிட்டு, கேமராவைத் திட்டிப் பயனில்லை.

வியாபாரியிடம்தான் விற்க வேண்டும் என்றால் அதற்கும் 2023 ஏப்ரல் 1 முதல் ஒழுங்கான வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யை இணையத்தில் பதிந்தால், அன்றிலிருந்து அந்தக் காருக்கு அவரே பொறுப்பாளி. அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். "நமக்குள்ளே எதுக்கு சார் அதெல்லாம்" என்று சிரிப்பவரிடம், நானும் சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: வாங்குபவர் ஒன்பது லட்சமும் ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (வேலந்தாவளம்)

பதில்: கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பெற்றவருக்கே, பெற்ற தொகை அளவுக்கு அபராதம் வரலாம். வங்கி வழியாக வாங்குங்கள். பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசியில் காட்டுகிறார் என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிடாமல், உங்கள் கணக்கில் வந்து விழுந்ததை நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், வடநாட்டுக்கு மாற்றல் ஆனதால் தம் ஸ்போர்ட்ஸ் காரை அவசரமாக விற்பதாகப் படம் அனுப்பினார். காரைப் பார்க்கவில்லை. முன்பணம், லாரி வாடகை, ஜி.பி.எஸ். கட்டணம் என்று நான்கு தவணையில் 1,60,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். கார் எப்போது வரும்? (சுந்தராபுரம்)

பதில்: வராது. கார் என்று ஒன்று இல்லை. இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திருக்கலாம். பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறும் முன் முடக்க முடியுமா என்பது மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம். இப்போதாவது அழையுங்கள். முதல் தவணைக்கு உங்கள் மேல் இரக்கப்பட முடிகிறது, நான்காவதற்கு முடியவில்லை.

கேள்வி: சைலன்சரை மாற்றி, சஸ்பென்ஷனையும் இறக்கியிருக்கிறேன். இரண்டு லட்சம் செலவு. அதை விலையில் சேர்க்கலாமா? (சித்தூர், பாலக்காடு)

பதில்: கழட்டி வைத்த பழைய சைலன்சர் இருந்தால் அதைத் தேடி மாட்டுங்கள். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. உங்கள் இரண்டு லட்சம், வாங்குபவருக்குச் சோதனைச் சாவடியில் காத்திருக்கும் செலவு. தவிர, இறக்கிய காரோடு எங்கள் ஊர் வேகத்தடைகளைத் தாண்டிப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி: ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கியவர் தனியாகப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். கிளட்ச் வாசனை அடிக்கிறது. அவரிடம் பணம் கேட்கலாமா? (கோபாலபுரம்)

பதில்: கேட்கலாம், அவர் தரமாட்டார். லைசென்ஸைப் பார்த்து, அதைப் படம் எடுத்து, பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து, வழியையும் நீங்களே சொல்லி ஓட்டவிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கார் விற்ற பின், இழப்பீடு கேட்காததற்காக என் இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் 50 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், வாங்குபவருக்குப் போய்விடுமா? அவர் அதையும் சேர்த்து விலை பேசுகிறார். (நெம்மாறை)

பதில்: போகாது, அது உங்கள் சொத்து. விற்றதற்கான அத்தாட்சியைக் காட்டி நிறுவனத்திடம் அதற்கான சான்றை வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பாலிசியை அவர் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை காரில் சிறு கீறல் விழுந்தாலும் அவருக்கு ஒரு ரூபாய் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள். விலையைப் பற்றிய பேச்சு தானாக அடங்கிவிடும்.