மகளின் வேதியியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு வாலாஜா மனையை அடமானம் வைக்கலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 53. பிடித்தம் போக மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் வேலூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். 82 சதவீதம் வைத்திருக்கிறாள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரிப்பது பற்றி புராஜெக்ட் செய்கிறாள். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு கன்சல்டன்ஸியில் கேட்டதற்கு, ‘நேராக பிஎச்.டி. கிடைப்பது கஷ்டம், முதலில் அமெரிக்காவில் இரண்டு வருட எம்.எஸ். படிக்கட்டும், 35 லட்சம் ஆகும், மனையை வைத்து லோன் வாங்கித் தருகிறோம், வட்டிக்கு வரிச் சலுகை உண்டு’ என்கிறார்கள். 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வாலாஜாவில் ஐந்து சென்ட் மனை, வங்கியில் 6 லட்சம் டெபாசிட், அவள் கல்யாணத்துக்குச் சேர்த்த 25 சவரன், இவ்வளவுதான் எங்களிடம் இருப்பது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மனையை அடமானம் வைக்கலாமா?

பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்:

வைக்காதீர்கள். மகளின் ஆசையில் தப்பே இல்லை, அதற்கு அவர்கள் காட்டும் வழிதான் தப்பு.

உங்களிடம் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி. படிப்பவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை. பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. அங்கே மருத்துவம், பொறியியல், உயிரியல் என்று படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுகளில் வேதியியல் லேப் வகுப்புக்கு வந்தாக வேண்டும். அத்தனை பேருக்கும் லேபில் கூடவே நின்று சொல்லிக்கொடுக்க, நோட்டு திருத்த, ஆள் வேண்டும். அந்த வேலையை பிஎச்.டி. மாணவர்கள் செய்கிறார்கள். அதற்குப் பெயர் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப். பிறகு வழிகாட்டிப் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து சம்பளம் வரும். ஊரையும் பல்கலைக்கழகத்தையும் பொறுத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 முதல் 45,000 டாலர் வரை கிடைக்கிறது. சிக்கனமாக இருந்தால் ஒருவர் அதில் வாழ்ந்துவிடலாம்.

எம்.எஸ்.ஸுக்கு இந்த வசதி மிகக் குறைவு. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களைச் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. பிஎச்.டி. சேர்க்கையில் அப்படி எதுவும் கிடையாது. உங்களுக்கு ஏன் எம்.எஸ்.ஸைச் சொன்னார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். ‘நேராகக் கிடைக்காது’ என்பதும் சரியில்லை. மூன்று வருட பி.எஸ்ஸி. மட்டும் முடித்தவர்களுக்குத்தான் அங்கே சிக்கல் வரும். எம்.எஸ்ஸி.யும் சேர்த்து ஐந்து வருடம் படித்த உங்கள் மகள் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

சரி, அந்த 35 லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 48,200 ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் கைக்கு வருவதே 52,000. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. முழுத் தொகையும் வங்கியிலிருந்து வெளியே வந்த பிறகு அது மட்டும் வருடத்துக்கு 3.85 லட்சம். படிப்பு இரண்டு வருடம், அப்புறம் ஒரு வருட அவகாசம் என்று வைத்தால் உங்கள் 56 வயதில் தவணை ஆரம்பித்து 66 வயதில் முடியும். மகளுக்கு அங்கே உடனே வேலை கிடைக்காமல் போனால் மனையும் போகும், மகனின் படிப்பும் நிற்கும். இதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சொல்லியாக வேண்டும்.

வரிச் சலுகை உங்களுக்கு உதவாது. கல்விக் கடனில் வட்டிக்கு மட்டும்தான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில்தான். புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரியே வராது, உங்கள் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும். கட்டாத வரிக்குச் சலுகை எதற்கு?

நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் என்ன செலவாகும் என்று பார்ப்போம். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். எட்டு பல்கலைக்கழகங்கள், ஒன்றுக்குச் சராசரியாக 80 டாலர் விண்ணப்பக் கட்டணம் என்றால் 57,600 ரூபாய். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குச் சுமார் 18,000. மதிப்பெண் அனுப்ப, எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் வாங்க, கூரியருக்கு என்று 20,000 ஒதுக்குங்கள். ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்க மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யில் வேதியியல் பாடத் தேர்வை 2023-லேயே நிறுத்திவிட்டார்கள். பொது ஜி.ஆர்.இ.யையும் நிறைய வேதியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. கேட்காத இடங்களாகப் பார்த்து எடுத்தால் அந்தத் தேர்வுச் செலவும் மிச்சம். சில துறைகள் விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. துறை அலுவலகத்துக்கு மகளே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். கேட்பதற்குக் காசா பணமா!

இடம் கிடைத்தால் அடுத்த செலவு வரும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், இரண்டும் சேர்ந்து 48,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். விமான டிக்கெட்டுக்கு 80,000 என்று வையுங்கள். போய் இறங்கியதும் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு என்று 2,500 டாலராவது கையில் வேண்டும். முதல் உதவித்தொகை பெரும்பாலும் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அதற்கு 2.25 லட்சம். விண்ணப்பச் செலவையும் சேர்த்தால் மொத்தம் நாலரை லட்சத்துக்குள் நிற்கும். உங்கள் டெபாசிட்டே போதும். அதை உடைக்கவும் வேண்டாம், அதன் மேலேயே கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். மகளே ஒன்றிரண்டு வருடத்தில் அனுப்பி அடைத்துவிடுவாள். கல்யாண நகையைத் தொட வேண்டிய தேவையே வராது. இடம் கிடைக்காமலே போனாலும் உங்களுக்கு நஷ்டம் ஒரு லட்சம்தான்.

பெரும்பாலான துறைகளுக்குக் கடைசித் தேதி டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்க சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு செப்டம்பரிலேயே போய் வந்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தரப் போகிற மூன்று பேராசிரியர்களிடமும் இப்போதே சொல்லிவைக்கட்டும்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் எஸ்.ஓ.பி. கட்டுரையை எழுதுவதில் மகள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கவே கூடாது. சின்ன வயதிலிருந்தே வேதியியல் மீது ஆர்வம் என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். உங்கள் மகளிடம் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்ன வழக்கே நம் வேலூர்க்காரர்கள் போட்டதுதான். அந்தக் கரையில் வளர்ந்த பெண் குரோமியத்தைப் பிரிக்கும் வேலையை லேபில் செய்துகொண்டிருக்கிறாள். எந்தப் பொருளால் பிரித்தாள், எவ்வளவு பிரிந்தது, எங்கே சொதப்பியது, அடுத்து என்ன செய்ய நினைக்கிறாள், இவற்றை அப்படியே எழுதினால் போதும். நீர் வேதியியல், பகுப்பாய்வு, மெட்டீரியல்ஸ் என்று அந்தந்தத் துறையில் வேலை செய்கிற பேராசிரியர்கள் மூன்று பேராவது இருக்கும் இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும். ஒரே ஒருவரை நம்பிப் போனால் அவரிடம் நிதி இல்லாத வருடத்தில் மாட்டிக்கொள்வாள். சுற்றுச்சூழல் பொறியியல் துறைகளிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே சம்பளம் பெரும்பாலும் தனிப்பட்ட பேராசிரியரின் நிதியைப் பொறுத்தது, அதனால் அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

அனுமதிக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, எத்தனை வருடத்துக்கு உறுதி, மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது, தள்ளுபடி போக மீதிக் கட்டணம் ஏதாவது உண்டா என்று வரி வரியாகப் படியுங்கள். சின்ன ஊரில் கிடைக்கும் 30,000 டாலர், பாஸ்டனில் கிடைக்கும் 40,000 டாலரைவிட மேலாக இருக்கலாம். நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக அங்கே நிறைய பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. யார் அவசரப்படுத்தினாலும் அதை மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025-ல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியை வெட்டியதால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. அதனால் அந்த ஒரு வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. நம் நாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிதிறக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வையும் கேட் தேர்வையும் மகள் கட்டாயம் எழுத வேண்டும். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம், கட்டணமும் அதிகமில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்து சீனியர் ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் வாடகைப்படி இல்லாமலேயே 24 லட்சம். உங்கள் கையைவிட்டு 35 லட்சம் போவதோடு இதை வைத்துப் பாருங்கள். அதுவும் அவள் தலைப்புக்கு அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைவிடப் பொருத்தமான இடம் எது? காரைக்குடியில் மின்வேதியியல் நிறுவனம் இருக்கிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் இருக்கிறது, காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யும் எட்டும் தூரம்தான். இங்கே பிஎச்.டி. முடித்துவிட்டு போஸ்ட்-டாக் என்னும் மேலாய்வுக்குச் சம்பளத்தோடு வெளிநாடு போகிறவர்கள் நிறையப் பேர்.

ஜெர்மனியையும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள ஒப்பந்தத்தோடு வரும் வேலை.  மாஸ்டர்ஸ் என்று போனால் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் காட்டச் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

கட்டிய 25,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ரசீதின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால், அந்தக் காசு வீணாகிவிடுமே என்று நினைத்து 35 லட்சத்தில் இறங்கிவிடாதீர்கள். மகளின் அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே அவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.